வால்வு றொக்கர்களைச் சரியான நிலையிற் பொருத்துதல்

வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் ஓயாது நீர் இறைக்க வேண்டிய காலத்திலேயே நீரிறைக்கும் இயந்திரம் வலுக்குன்றுவது பெரும்பாலும் நிகழ்கின்றது. அக்காலத்திலேதான் அது நாள்தோறும் பல மணி நேரம் ஓடுகின்றது. கமக்காரர் முதலில் எரிபொருளைக் குறை கூறுவர்; பின்னர் காபரேற்றரைக் கழற்றுவர்; ஈற்றில் இயந்திரத்தைக் கறாஜுக்குக் கொண்டு சென்று, வால்வுகளைத் தேய்ப்பித்துப் புதிய றொக்கர்களும் பூட்டுவித்து வருவர். இவ்வளவும் செய்த பின்னரும், ஒரு போகம் முடிவதற்குள் அவ்வியந்திரம் மீண்டும் நீலப் புகை தள்ளத் தொடங்குதல் உண்டு. பணம் வீணாயிற்று என்பர். உண்மையில் வால்வும் றொக்கரும் புதியனவே. அவை ஒன்றையொன்று தொடும் நிலையே பிழை.

பழைய மண்ணெண்ணெய் இயந்திரங்கள் பலவற்றில் வால்வுகள் சிலிண்டரின் பக்கத்தே இருந்தன. அவற்றிற்கு றொக்கர் தேவைப்படவில்லை. இன்று வழக்கிலுள்ள சிறு பெற்றோல் இயந்திரங்களிலும், உழவு இயந்திரங்களின் டீசல் எஞ்சின்களிலும் வால்வுகள் சிலிண்டர்த் தலையில் மேலே அமைந்துள்ளன. கீழே சுழலும் கெம் தள்ளுகோலை மேலே தள்ளுகின்றது. தள்ளுகோல் றொக்கரின் ஒரு முனையை உயர்த்துகின்றது. மறுமுனை கீழிறங்கி வால்வுத் தண்டின் தலையை அமுக்கி வால்வைத் திறக்கின்றது.

இது துலாவின் தொழிலேயாகும். துலா ஆடுகாலின் மேல் அச்சிற் கிடந்து ஆடும்பொழுது அதன் நுனி நேர்கோட்டிற் செல்வதில்லை. வட்டத்தின் ஒரு பகுதியையே வரைகின்றது. துலா கிடையாக நிற்கும்பொழுது நுனி ஆடுகாலிலிருந்து மிகத் தூரத்தில் இருக்கும். மேலே ஏறினும் கீழே இறங்கினும் அது ஆடுகாலை நோக்கி உள்வாங்கும். துலாக்கொடி வளைந்து கொடுப்பதால் இறைப்பவருக்கு இதனால் இடர் இல்லை. வால்வுத் தண்டோ வளைந்து கொடாது. றொக்கரின் நுனி எவ்வளவு உள்ளும் புறமும் நகருகின்றதோ, அவ்வளவுக்கு அது தண்டின் தலையை உரஞ்சிக்கொண்டு தண்டைப் பக்கவாட்டிலும் தள்ளும்.

ஆகவே றொக்கர் எந்நிலையில் நின்று ஆட்டத்தைத் தொடங்குகின்றது என்பதே முக்கியம். அச்சின் நடுவிலிருந்து நுனிவரை நீளம் 38 மில்லிமீற்றர் எனவும், வால்வு 9 மில்லிமீற்றர் திறக்கும் எனவும் கொள்க. வால்வு பாதியளவு திறந்திருக்கையில் றொக்கர் தண்டுக்குச் செங்குத்தாக நிற்குமாயின், நுனி பக்கவாட்டில் நகருவது ஏறத்தாழ 0.27 மில்லிமீற்றர் மாத்திரமே. வால்வு மூடியிருக்கையிலேயே அது செங்குத்தாக நிற்குமாயின், முழுதும் திறப்பதற்குள் நுனி 1.08 மில்லிமீற்றர் நகரும். அதாவது நான்கு மடங்கு. நிமிடத்திற்கு 3000 முறை சுழலும் எஞ்சினில் ஒவ்வொரு வால்வும் நிமிடத்திற்கு 1500 முறை திறக்கின்றது. அத்தனை முறையும் தண்டு பக்கவாட்டில் தள்ளப்படின், அது செல்லும் வழிகாட்டிக் குழாய் நீள்வட்டமாகத் தேய்ந்துவிடும். அவ்வழியே எண்ணெய் இறங்கி எரிதலே நீலப் புகையாகக் காணப்படுகின்றது. தண்டு ஆடுவதால் வால்வு தன் இருக்கையிற் சீராகப் படியாது, அதன் விளிம்பும் எரியும்.

புதிதாக வந்த எஞ்சினில் உற்பத்தியாளர் இந்நிலையைச் சரியாகவே அமைத்திருப்பர். அதனைக் கெடுப்பது பெரும்பாலும் பழுதுபார்த்தலே. வால்வையும் இருக்கையையும் தேய்க்குந்தோறும் வால்வு சிலிண்டர்த் தலையினுள் ஆழ அமிழ்கின்றது. அதன் தண்டு மறுபுறத்தில் அவ்வளவுக்கு உயர்கின்றது. உயர்ந்த தண்டு றொக்கரின் நுனியையும் உயர்த்திவிடும். அப்பொழுது வால்வு இடைவெளி குறைந்துவிடுவதால், மெக்கானிக் திருகாணியைத் தளர்த்தி அதனைச் சரிசெய்கின்றார். இடைவெளி சரியாகிவிட்டது, றொக்கரின் சாய்வோ மாறியபடியே இருக்கின்றது. அளவுத் தகடு சரியாக நுழைகின்றது என்பது சாய்வு சரி என்பதற்குச் சான்றாகாது. இதனை அனுபவமுள்ள மெக்கானிக்குகள் சிலரும் பொருட்படுத்துவதில்லை.

எஞ்சினின் அமைப்பைப் பொறுத்தும் வேறுபாடு உண்டு. மசி பேர்குசன் 135 போன்ற உழவு இயந்திரங்களின் மூன்று சிலிண்டர் பேர்க்கின்ஸ் எஞ்சினில் றொக்கர்கள் யாவும் ஒரே அச்சுத் தண்டில் ஆடுகின்றன. அவ்வச்சின் உயரம் மாறாதது. எனவே வால்வுப் பக்கத்துச் சாய்வைத் தண்டின் உயரமே தீர்மானிக்கின்றது. ஹொண்டா ஜீஎக்ஸ் 160 போன்ற நீரிறைக்கும் எஞ்சின்களில் ஒவ்வொரு றொக்கரும் தனித்தனி மரையாணியில், ஒரு சுரையின் கீழ் ஆடுகின்றது. அங்கே தள்ளுகோலின் நீளமும் சாய்வை மாற்றும். வளைந்த தள்ளுகோலுக்குப் பதிலாக வேறோர் எஞ்சினின் சற்று நீண்ட கோலைப் போட்டுச் சுரையைத் தளர்த்தி ஓடவிடுதல் மிகத் தவறானது. பழைய கோலையும் புதிய கோலையும் அருகருகே நிறுத்தி அளந்து பார்த்தே வாங்குதல் வேண்டும்.

நிலை சரியா எனக் கண்டறிய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. வால்வுத் தண்டின் தலையை எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, குறியிடும் பேனையின் மையைப் பூசுக. இடைவெளியைச் சரியாக வைத்து, எஞ்சினைக் கையால் மெதுவாகச் சில சுற்றுகள் சுழற்றுக. பின்னர் றொக்கரை எடுத்து, மை அழிந்த தடத்தை நோக்குக. தடம் ஒடுங்கியதாய்த் தலையின் நடுவே இருப்பின் நன்று. தடம் அகன்றிருப்பின் உயரம் பிழை. ஒடுங்கியதாயினும் ஓர் ஓரத்தில் இருப்பின், உயரம் சரி, றொக்கர் அவ்வெஞ்சினுக்கு உரியதன்று, அல்லது இடம் விலகிப் பூட்டப்பட்டுள்ளது. தடம் விளிம்பைத் தொடுமாயின் அவ்வெஞ்சினை ஓட்டலாகாது. ஜீஎக்ஸ் 160 எஞ்சினின் தண்டு ஏறத்தாழ 5½ மில்லிமீற்றர் தடிப்பே உடையதாதலின், அதிற் சிறு விலகலும் பெரிது.

அமிழ்ந்த வால்வுக்கு ஏற்ற பரிகாரம் புதிய இருக்கை வளையம் போடுவித்தலாகும். டீசல் எஞ்சினில் வால்வு ஆழ அமிழ்ந்தால் அமுக்கமும் குறைந்து, காலையில் எஞ்சின் இயங்க மறுக்கும். ஆகவே அச்செலவு இரு வகையிலும் பயன்தரும். தண்டின் தலையை அரைத்துக் குறைப்பாரும் உளர். அங்கே கடினமாக்கப்பட்ட பகுதி மெல்லியது. அது போய்விடின் றொக்கர் விரைவிற் குழி பறித்துவிடும்.

நிலை சரியான பின்னரே இடைவெளியை வைத்தல் வேண்டும். பேர்க்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு அது குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம், அதாவது 0.30 மில்லிமீற்றர், சூடான நிலையில் 0.010 அங்குலம். ஜீஎக்ஸ் 160 எஞ்சினுக்குக் குளிர்ந்த நிலையில் காற்று உட்செல்லும் வால்வில் 0.15 மில்லிமீற்றரும், புகை வெளியேறும் வால்வில் 0.20 மில்லிமீற்றரும் ஆகும். பிற எஞ்சின்களுக்கு அவற்றின் கைந்நூலிற் கண்ட அளவே கொள்ளத்தக்கது. இரு வால்வுகளும் மூடி, பிஸ்டன் அமுக்க அடியின் உச்சியில் நிற்கையில் அளத்தல் வேண்டும். ஜீஎக்ஸ் எஞ்சினில், கயிற்றை இழுப்பது இலகுவாதற்பொருட்டு, அமுக்க அடியில் புகை வால்வைச் சிறிது தூக்கும் அமைப்பொன்று உண்டு. உச்சிக்கு முன்னர் அளப்பவர் அதனால் ஏமாறுவர்.

நுனியில் உருளை பொருத்திய றொக்கர்களை வாங்கிப் போடலாமா எனச் சிலர் வினவுவர். அவை அமெரிக்கப் பந்தயக் கார்களின் எஞ்சின்களிற் பெரிதும் பயன்படுவன. உருளை உராய்வைக் குறைக்கும். பிழையான சாய்வைத் திருத்தாது. மேலும், அவற்றுட் பல வால்வைக் கூடுதலாகத் திறக்குமாறு செய்யப்பட்டவை. பிஸ்டன் தலையை மிக நெருங்கி வரும் டீசல் எஞ்சினில் அத்தகையதைப் பூட்டினால் வால்வு பிஸ்டனில் இடித்து, ஒரே நாளில் இரண்டும் பாழாகும். அவ்வெஞ்சினுக்கென்றே உற்பத்தியாளர் உருளையுடன் அமைத்த றொக்கராயின் தடையில்லை. மெதுவாக ஓடும் பண்ணை எஞ்சினுக்கு அப்பணத்தில் நல்ல எண்ணெயும் ஓர் அளவுத் தகட்டுக் கட்டும் வாங்குதலே இலாபம்.

மூடியை மீளப் பூட்டுமுன் றொக்கர்களின் மேல் சிறிது எண்ணெய் விடுக. எண்ணெய் வரும் துவாரங்களை மெல்லிய கம்பியாற் குத்திப் பார்க்க. புதிய பாகங்கள் படிந்து கொள்வதால், முதல் 20 மணி நேர ஓட்டத்தின் பின்னர் எஞ்சின் ஆறியதும் இடைவெளியை மீண்டும் ஒருமுறை அளந்து, மைச் சோதனையையும் செய்து பார்த்தல் வேண்டும்.