உம்மாவின் காப்பி: மஹ்மூத் தர்வீஷின் கவிதையுலகம்

பலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷ் என்றதும் ‘போராட்டக் கவிஞர்’ என்னும் அடைமொழியே நம் நினைவில் முந்தி நிற்கின்றது. எம்.ஏ. நுஃமான் அவர்களின் தமிழாக்கம் வழியாகப் பலஸ்தீனக் கவிதைகளை அறிந்த நம்மில் பலரும் அவ்வாறே அவரைப் போற்றி வந்துள்ளோம். அது பிழையன்று, ஆயின் முழுமையும் அன்று.

தர்வீஷ் 1941ஆம் ஆண்டு, அக்கா நகருக்குக் கிழக்கேயுள்ள அல்-பிர்வா என்னும் சிற்றூரில் பிறந்தார். 1948ஆம் ஆண்டுப் போரில் குடும்பம் லெபனானுக்கு ஏகியது. ஓராண்டளவில் மறைவாகத் திரும்பி வந்தபோது ஊர் இல்லை. இஸ்ரேலியச் சட்டம் இத்தகையோர்க்கு இட்ட பெயர் ‘இங்கிருந்தும் இல்லாதோர்’ என்பதாகும். கவிஞர் எவரும் புனைந்திராத முரண்தொடரை ஓர் அரசாங்க ஏடு புனைந்துவிட்டது!

இழப்பு அவருக்கு முதலில் வரைபடத்தில் நேர்ந்ததன்று, வீட்டில் நேர்ந்தது. ஆதலின் அவர் கவிதைகளில் கிணறும் குதிரையும் ரொட்டியும் காப்பியும் மீண்டும் மீண்டும் வருகின்றன. 1995ஆம் ஆண்டு வெளிவந்த தொகுப்பிற்கு, ‘குதிரையை ஏன் தனியே விட்டுவந்தாய்?’ என்று ஒரு சிறுவனின் கேள்வியையே பெயராகச் சூட்டினார்.

இவ்வுலகின் வாயிலாக நாம் கருதுவது, ‘என் தாய்க்கு’ என்னும் கவிதையை. தாய் தன்னைப் போதிய அளவு நேசிக்கவில்லை என்னும் ஏக்கம் சிறுவயதில் தமக்கு இருந்ததாகத் தர்வீஷ் பின்னாளில் கூறியுள்ளார். 1960களில் சிறையிலிருந்தபோது அன்னை காண வந்தார். ஏக்கம் பொய்யெனத் தெளிந்தது, கவிதை பிறந்தது. மார்செல் கலீஃபா இசையமைத்துப் பாடியபின் அரபுலகெங்கும் அது பரவிற்று. அரபியில் ‘உம்மீ’ என விளிக்கும் சொல், நம் இல்லங்களின் ‘உம்மா’வை நமக்கு உடனே நினைவூட்டுகின்றது.

கேட்டோர் பலர் அத்தாயைத் தாய்நாடாகவே கொண்டனர். தர்வீஷோ, தாம் பாடியது தம்மைப் பெற்ற தாயையே என்றார். இம்மறுப்பை நாம் எளிதாகக் கடந்துவிடலாகாது. நாட்டை இழந்தவனுக்குத் தாயைத் தாயாக மட்டும் நேசிக்கும் உரிமையும் பறிபோக வேண்டுமா என்பதே அதனுள் அடங்கிய வினா. 1999ஆம் ஆண்டு அவர் காதற்கவிதைத் தொகுப்பொன்றை வெளியிட்டபோது, போராட்டத்தைக் கைவிட்டார் எனக் குறைகூறியவர்களும் உளர். அக்குறையை நாம் ஏற்பதற்கில்லை.

1982ஆம் ஆண்டு பெய்ரூத் முற்றுகையின் ஒரு நாளை அவர் உரைநடையில் எழுதியுள்ளார். குண்டுகள் பொழிகின்றன, சமையலறையோ கடலை நோக்கியது, மறைப்பற்றது. இரு குண்டுகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் காப்பி தயாரிக்க இயலுமா? பக்கம் பக்கமாக விரியும் இச்சிறு கவலையைப் படிக்கையில், நம்பிக்கை என்பது பெருமுழக்கமன்று, அடுப்பைப் பற்றவைக்கும் கையே என்பது விளங்கும். 2002ஆம் ஆண்டு ரமல்லா முற்றுகையில் எழுதிய நெடுங்கவிதையிலும் இத்தொனியே நிலவுகின்றது.

தம் மரணத்தால் தாய் சிந்தக்கூடிய கண்ணீரை எண்ணி நாணியே தம் உயிரை நேசிப்பதாக இளமையில் பாடியவர் அவர். 2008ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள், இதய அறுவை சிகிச்சைக்குப்பின் அமெரிக்காவில் ஹியூஸ்டன் நகரில் காலமானார். ரமல்லாவில் அடக்கம் செய்யப்பெற்றார். அப்போது அவர் அன்னை உயிருடன் இருந்தார்.