நோயனுபவமும் பொதுமுடக்கம் பற்றிய நோக்கும்

'தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்' என்பது பழமொழி. அனுபவமே அறிவின் ஊற்று என்னும் பொதுப்புத்தி அதில் உறைந்துள்ளது. ஆயின், கொவிட் பெருந்தொற்றின்போது நோயுற்றோர் பொதுமுடக்கம் பற்றிக் கொண்ட கருத்துக்களை ஒப்புநோக்குமிடத்து, நோயனுபவம் தன்னளவில் ஒரு நிலைப்பாட்டைத் தந்துவிடுவதில்லை என்பது புலனாகும். 2020இல் தொற்றுக்குள்ளான அரசுத் தலைவர் மூவரை உதாரணமாகக் கொள்வோம்.

பிரித்தானியப் பிரதமர் பொறிஸ் ஜோன்சன், மருத்துவமனையொன்றில் எல்லோருடனும் கைகுலுக்கியதாக மார்ச் 3ஆம் திகதி கூறினார். 23ஆம் திகதி பொதுமுடக்கத்தை அறிவித்தார். ஏப்ரல் 6ஆம் திகதி தீவிர சிகிச்சைப் பிரிவில் அனுமதிக்கப்பட்டார். குணமடைந்து திரும்பியதும் கட்டுப்பாடுகளை அவசரப்பட்டுத் தளர்த்தலாகாது என்றார். ஜூலையில் நோயுற்ற பிரேசில் ஜனாதிபதி பொல்சொனாரோவோ கட்டுப்பாடுகளைத் தொடர்ந்தும் எதிர்த்தார். அவருக்கு நோய் கடுமையாகவில்லை என்பது உண்மையே. ஆனால், ஒட்சிசன் தேவைப்படும் நிலைக்குச் சென்ற அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப், ஒக்டோபர் 5ஆம் திகதி மருத்துவமனையை விட்டு வெளியேறியபோது நோய்க்கு அஞ்ச வேண்டாம் என்றே மக்களுக்குக் கூறினார். பொதுமக்களுக்கு அப்போது அனுமதிக்கப்பட்டிராத பிறபொருளெதிரி மருந்து அவருக்கு வழங்கப்பட்டிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. எனவே, நோயின் கடுமையை மட்டும் கொண்டு கருத்து வேறுபாட்டை விளக்கிவிட முடியாது.

ஜோன்சனின் அனுபவத்துக்கும் எல்லை இருந்தது. படுக்கையருகே நின்று தம்மைக் காத்த நியூசிலாந்து, போர்த்துக்கல் நாட்டுத் தாதியர் இருவருக்கு அவர் பகிரங்கமாக நன்றி கூறினார். ஆயினும், வெளிநாட்டிலிருந்து வந்த சுகாதார ஊழியர்மீதும் விதிக்கப்பட்ட மருத்துவக் கட்டணத்தை மே 20ஆம் திகதி பாராளுமன்றத்தில் நியாயப்படுத்தினார். மறுநாள் அவர்களுக்கு அதிலிருந்து விலக்களிக்க நேர்ந்தமைக்குக் காரணம் அரசியல் நெருக்குதலேயன்றி நன்றியுணர்வன்று.

இங்கிலாந்திலும் வேல்சிலும் காவற்பணியாளர், வாடகைக்கார்ச் சாரதிகள் போன்ற ஆண் தொழிலாளரிடையே கொவிட் இறப்பு வீதம் உயர்ந்திருந்ததை அரச புள்ளிவிபரங்கள் காட்டின. இத்தொழில்கள் வீட்டிலிருந்து செய்யத்தக்கவை அல்ல. இவர்களுக்கு வெளியே தொற்று, உள்ளே வருமான இழப்பு. ஆகவே, முடக்கத்தை எதிர்த்த தொழிலாளியை அறியாமையுடையவர் என்றோ, வீட்டிலிருந்தே சம்பளம் பெற்று அதனை ஆதரித்த உத்தியோகத்தரைச் சமூகப் பொறுப்புமிக்கவர் என்றோ நாம் எளிதில் தீர்ப்பளித்தல் தகாது. நோய் உடலைத் தாக்குகிறது. அதற்குப் பொருள்கொள்வது சமூகத்தில் ஒருவர் நிற்கும் இடத்திலிருந்தே நிகழ்கிறது.

அவ்வாறாயின் அனுபவம் பயனற்றதா? அன்று. 'நீடித்த கொவிட்' என்னும் கருத்தாக்கம் நோயாளரிடமிருந்தே பிறந்தது. 2020 மேயில் இத்தாலியத் தொல்லியலாளர் எலீசா பெரேகோ தம் நிலையைக் குறிக்க அச்சொல்லைக் கையாண்டார். மாதக்கணக்கில் குணமடையாத பலர் அதனை ஏற்று, தத்தம் நோய்க்குறிகளை ஒப்பிட்டு, அங்கீகாரம் கோரினர். உலக சுகாதார நிறுவனம் 2021 ஒக்டோபரில் அந்நிலைக்கு மருத்துவ வரையறை வகுத்தது. தனிமனித அனுபவம் பிறரின் அனுபவத்தோடு ஒப்புநோக்கப்பட்டுக் கூட்டுக் கோரிக்கையாக வளரும்போதே அது சமூக அறிவாகிறது. பொதுமுடக்கம் பற்றிய விவாதத்திலும் நாம் கேட்கவேண்டியது, நோயுற்றவர் என்ன கூறினார் என்பதை மட்டுமன்று. எத்தகைய வாழ்நிலையில் நோயுற்றார் என்பதையுமாகும்.