ரிபேட்ரியேட் (ஆங்கிலச் சொல்)

ரிபேட்ரியேட் என்பது ஒருவரையோ, ஒரு பொருளையோ, பணத்தையோ அதற்குரிய நாட்டுக்குத் திருப்பி அனுப்புவதைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொல் ஆகும். இது இலத்தீன் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. நீலகிரி மாவட்டத்தின் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் இச்சொல், இலங்கையிலிருந்து வந்து குடியேறிய மலையகத் தமிழர்களைக் குறிக்கும் பெயராகவும் வழங்குகிறது.

சொற்பிறப்பு

பிற்கால இலத்தீனில் வழங்கிய 'ரெபாட்ரியாரே' என்ற வினையே இதன் மூலம். 'ரெ' என்றால் மீண்டும் அல்லது திரும்ப. 'பாட்ரியா' என்றால் தந்தையர் நாடு. 'பாட்ரியா', தந்தை எனப் பொருள்படும் 'பாட்டெர்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. இலத்தீன் 'பாட்டெர்', சமற்கிருத 'பித்ரு', ஆங்கில 'ஃபாதர்' மூன்றும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. இலத்தீன் தந்தையை வைத்துச் சொல்வதைத் தமிழ் 'தாயகம்', 'தாய்நாடு' எனத் தாயை வைத்துச் சொல்கிறது.

இவ்வினை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் இடம்பெற்றது. ஓரிடத்துக்குச் செல்லுதல் என்னும் பொருளில் வரும் பழைய ஆங்கில வினையான 'ரிப்பேர்' என்பதும், பிரெஞ்சு வழியாக இதே இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. பழுது பார்த்தலைக் குறிக்கும் 'ரிப்பேர்' வேறு மூலம் உடையது. தாய்நாட்டை விட்டு வெளியே வாழ்பவரைக் குறிக்கும் 'எக்ஸ்பேட்ரியேட்' என்ற சொல்லில் 'வெளியே' எனப் பொருள்படும் 'எக்ஸ்' முன்னொட்டாக உள்ளது.

பொருள் மாற்றம்

இலத்தீனில் இது 'திரும்பு' என்பதுபோல் தன்வினை. ஒருவர் தாமே நாடு திரும்புவதைக் குறித்தது. இன்றைய ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'திருப்பு' என்பதுபோல் பிறவினையாக வருகிறது. ஒருவரை மற்றொருவர் அனுப்புகிறார். பெயர்ச்சொல்லாக வரும்போது, அவ்வாறு அனுப்பப்பட்டவரைக் குறிக்கும்.

நீலகிரியில்

1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கவும் வகை செய்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்துகொள்வதென 1974இல் முடிவாயிற்று.

தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேசுவரம் வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை தருவதற்காக, 1968இல் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. இது 1976இல் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட 'டான்டீ' நிறுவனமாயிற்று. சேரம்பாடி, நெல்லியாளம், கொளப்பள்ளி முதலிய இடங்களில் இதன் தோட்டங்கள் அமைந்தன.

இம்மக்களை அரசு ஆவணங்கள் 'தாயகம் திரும்பியோர்' என்கின்றன. இவர்களில் பலர் இலங்கையிலேயே பிறந்தவர்கள். அவர்களுக்கு இது திரும்புதல் அன்று, முதல் வருகை. அவர்களின் முன்னோர் ஊர்களும் பெரும்பாலும் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் போன்ற சமவெளிப் பகுதிகளில் இருந்தன. ஒப்பந்தத்தில் இரு அரசுகளே தரப்பினர். எனவே 'திரும்பியோர்' என்ற தன்வினைச் சொல், நடந்ததை முழுமையாகக் காட்டுவதில்லை.

அகதியிலிருந்து வேறுபாடு

தாயகம் திரும்பியோர் ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமை பெற்று வந்தவர்கள். 1983 இனக்கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தஞ்சம் தேடி வந்தவர்கள் அகதிகள். இரு சாராரும் 'சிலோன்காரர்' என ஒன்றாக அழைக்கப்பட்டாலும், சட்டப்படி அவர்களின் நிலை வெவ்வேறானது.

பிற பயன்பாடுகள்

வங்கித் துறையில், வெளிநாட்டில் முதலீடு செய்த பணத்தையோ ஈட்டிய வருவாயையோ சொந்த நாட்டுக்குக் கொண்டுவருவதை இச்சொல் குறிக்கும். கடத்தப்பட்ட கலைப்பொருள்களை மீட்டளிப்பதற்கும் இது வழங்குகிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசர் சிலையை 2014இல் ஆஸ்திரேலியா இந்தியாவிடம் ஒப்படைத்தது இதற்கு எடுத்துக்காட்டு.