வாசலில் நிற்கும் ஃபைல்!

புதுச்சேரியில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டுக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா, குட்டீஸ்? அதில் ஒரு வேடிக்கை உண்டு. கோட்டக்குப்பம் வந்ததும் நீங்கள் தமிழ்நாட்டுக்குள் போய்விடுவீர்கள். பொம்மையார்பாளையம் தாண்டியதும் மறுபடியும் புதுச்சேரி! பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர்கள் துண்டு துண்டாகக் கிடந்ததால் வந்த வினை. இந்தப் பயணத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

அந்தக் காலாப்பட்டில்தான் புதுச்சேரியின் ஜவஹர் நவோதயா பள்ளி இருக்கிறது. ஆறாம் வகுப்பில் சேர நுழைவுத் தேர்வு எழுதவேண்டும். 2 மணி நேரம், 80 கேள்விகள். ஹால் டிக்கெட்டைத் தபால்காரர் கொண்டுவந்து தரமாட்டார். இணையத்தில் இருந்து நாம்தான் டவுன்லோடு செய்து, பிரிண்ட் எடுத்துக்கொண்டு போகவேண்டும்.

நாளைக்குத் தேர்வு என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுடன் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து கிளிக் செய்கிறீர்கள். ஒன்றும் வரவில்லை. மறுபடி கிளிக். ம்ஹும்! ‘டவுன்லோடு தடுக்கப்பட்டது’ என்று ஒரே ஒரு வரி. வயிற்றைக் கலக்குமா, கலக்காதா?

பிரவுசருக்கு நம் மேல் அப்படி என்ன கோபம்? கோபம் இல்லை, பழைய பயம்!

2000-ஆம் ஆண்டு மே 4-ஆம் தேதி, பிலிப்பைன்ஸில் இருந்து ஓர் இ-மெயில் கிளம்பியது. தலைப்பு ‘ஐ லவ் யூ’. கூடவே ஒரு கடிதம் இணைக்கப்பட்டிருந்தது. பார்ப்பதற்குச் சாதாரண எழுத்து ஃபைல் போலத்தான் இருந்தது. பெயரின் கடைசி வாலை விண்டோஸ் மறைத்துவிட்டதால், அது கடிதம் இல்லை, ஒரு புரோகிராம் என்பது பலருக்குத் தெரியவில்லை. திறந்தவர்களின் கம்ப்யூட்டரில் இருந்த படங்களை அழித்து, அவர்களுடைய முகவரிப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. சில நாட்களிலேயே உலகம் முழுக்க லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்கள் மாட்டிக்கொண்டன.

இப்படிப் பட்ட அடிகளுக்குப் பிறகுதான் 2004 ஆகஸ்டில், விண்டோஸ் எக்ஸ்பிக்கு வந்த இரண்டாவது சர்வீஸ் பேக்கில், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் உச்சியில் ஒரு மஞ்சள் பட்டை முளைத்தது. நாம் கேட்காமலே வரும் ஃபைலை அது வாசலிலேயே நிறுத்திவிடும். அந்தப் பிரவுசர் 2022-இல் ஓய்வு பெற்றுவிட்டது. வாசலில் நிறுத்தும் பழக்கம் மட்டும் எல்லாப் பிரவுசர்களிலும் தங்கிவிட்டது.

இப்போது நம் பஸ்ஸுக்கு வருவோம். புதுச்சேரியில் இருந்து காலாப்பட்டுக்குப் போகிறவர் நடுவில் வேறு மாநிலத்தைத் தாண்டுகிறார் அல்லவா? ஃபைலும் அப்படித்தான். உங்களிடம் வந்து சேருவதற்குள் யார் யாருடைய கம்ப்யூட்டர்களையோ தாண்டுகிறது. முகவரி ‘எச்.டி.டி.பி.’ என்று மட்டும் தொடங்கினால் அது போஸ்ட் கார்டு மாதிரி. வழியில் யாரும் படிக்கலாம், மாற்றியும் எழுதலாம். கடைசியில் ‘எஸ்’ சேர்ந்தால் ஒட்டிய கவர். கவரில் வந்த பக்கம், ஃபைலை மட்டும் போஸ்ட் கார்டில் அனுப்பினால் நிறுத்திவிடுவோம் என்று 2020-இல் குரோம் அறிவித்தது. பயர்பாக்ஸ் 2021 அக்டோபரில் நிறுத்தத் தொடங்கியது.

சரி, ஹால் டிக்கெட்? முதலில் பத்துத் தடவை கிளிக் செய்வதை நிறுத்துங்கள்! கீபோர்டில் கன்ட்ரோலையும் ‘ஜே’யையும் சேர்த்து அழுத்தினால் டவுன்லோடு பட்டியல் வரும். ஏற்கெனவே பத்து ஹால் டிக்கெட்டுகள் வந்து அங்கே சமர்த்தாக உட்கார்ந்திருக்கலாம். இல்லையென்றால், முகவரிக் கட்டத்தின் ஓரத்தில் சின்னப் படம் ஏதாவது புதிதாகத் தோன்றியிருக்கிறதா என்று பாருங்கள். டிக்கெட் தனி ஜன்னலில் திறக்கும் வகையாக இருந்தால், விளம்பரம் என்று நினைத்துப் பிரவுசர் அதை அடைத்திருக்கும். அந்தப் படத்தைத் தொட்டு, அந்த ஒரு தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும்.

பக்கமே திறக்காமல் ‘பாதுகாப்பு இல்லை’ என்று மிரட்டினால், மூலையில் இருக்கும் தேதியைப் பாருங்கள். சிரிக்காதீர்கள்! கம்ப்யூட்டருக்குள் ஒரு ரூபாய் நாணயம் போல வட்டமான பேட்டரி இருக்கிறது. அது செத்துவிட்டால், தேதி பல வருடம் பின்னால் ஓடிவிடும். ‘இந்தத் தளத்தின் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லையே’ என்று பிரவுசர் குழம்பிப் போகும். தேதியைச் சரிசெய்தாலே பல நேரம் கதவு திறந்துவிடும்.

சில அண்ணன்மார், ‘ஆன்ட்டி-வைரஸை அணைத்துவிடு’ என்பார்கள். வேண்டாம்! கொசு வலையில் மாட்டிய ஒரு நூலுக்காக வலையையே கழற்றுவது மாதிரி அது. பள்ளிக் கம்ப்யூட்டர் என்றால் தடுப்பது பிரவுசராகவே இருக்காது. பள்ளியின் நெட்வொர்க் போட்ட பூட்டாக இருக்கும். அதற்கு கம்ப்யூட்டர் டீச்சரிடம்தான் போகவேண்டும்.

டிக்கெட் வந்துவிட்டதா? திறப்பதற்கு முன் அதன் வாலைப் பாருங்கள். பி.டி.எஃப். என்று இருந்தால் சரி. இ.எக்ஸ்.இ. என்று இருந்தால் அது ஹால் டிக்கெட் இல்லை, பக்கத்தில் பளபளவென்று மின்னிய போலி பட்டனை அழுத்தியிருக்கிறீர்கள். அதைத் திறக்காமலே அழித்துவிட்டு, சரியான பட்டனைத் தேடுங்கள். பிரிண்ட் இரண்டாக எடுங்கள், ஒன்று அம்மாவின் பையில் இருக்கட்டும்.