ஏழாம் நம்பர் கம்ப்யூட்டரும் நான் ஒட்டிய சீட்டும்



நம்ம கம்ப்யூட்டர் லேபில் ஏழாம் நம்பர் மெஷின் மேல் "மெமரி ஃபுல், உட்கார வேண்டாம்" என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதை ஒட்டியது நான்தான். இரண்டு மாதம் யாரும் அதில் உட்காரவில்லை. பக்கத்து மெஷினில் மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். அந்தச் சீட்டு தப்பு. எப்படித் தப்பு என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அந்த மெஷினில் ஓடுவது லினக்ஸ். அதன் மையத்தில் இருப்பது கர்னல். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுத ஆரம்பித்தது. ராம் மெமரியை எந்த புரோகிராமுக்கு எவ்வளவு என்று பங்கு போட்டுக் கொடுப்பது கர்னல்தான். கணக்கு எழுதி வைப்பதும் அதுதான். ப்ராக் என்ற ஃபோல்டருக்குள் மெம்இன்ஃபோ என்று ஒரு ஃபைல் இருக்கும். திறந்தால் மெமரிக் கணக்கு வரிவரியாக வரும். வேடிக்கை என்ன தெரியுமா? அந்த ஃபைலின் அளவைப் பார்த்தால் 0 என்று காட்டும்! டிஸ்க்கில் அப்படி ஒரு ஃபைலே கிடையாது. நாம் திறக்கும்போது கர்னல் அப்போதைக்கு அப்போது எழுதிக் கொடுக்கிறது.

நான் திறந்த அன்று மெம்டோட்டல் என்ற வரியில் 1984512 கேபி என்று இருந்தது. அதாவது மொத்த மெமரி. அடுத்த வரி மெம்ஃப்ரீ, 91236 கேபி. (இங்கே கேபி என்றால் 1000 பைட் இல்லை, 1024 பைட். இன்னொரு விஷயம், இந்த இரண்டு எண்ணையும் 4-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதியே வராது. நம்ம மெஷினில் கர்னல் மெமரியை 4096 பைட் கொண்ட பக்கங்களாகத்தான் எண்ணுகிறது.) கிட்டத்தட்ட 1938 எம்பியில் 89 எம்பிதான் ஃப்ரீயா! உடனே பேப்பரைக் கிழித்தேன், எழுதினேன், ஒட்டினேன். மூன்றாவது வரியை நான் பார்க்கவே இல்லை. அதுதான் நான் செய்த தப்பு.

நம்ம வகுப்புக் கரும்பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது பீரியடில் கணக்கு சார் பலகை நிறைய எழுதிவிட்டுப் போகிறார். நான்காவது பீரியட் மிஸ் வரும்போது பலகையில் ஒன்றுமே எழுதாத இடம் எவ்வளவு? ஓரத்தில் ஒரு சாண். அதற்காக "பலகை ஃபுல், பாடம் நடத்த முடியாது" என்று மிஸ் திரும்பிப் போய்விடுவார்களா? டஸ்டரை எடுத்து அழித்துவிட்டு எழுதுவார்கள். அந்த ஒரு சாண்தான் மெம்ஃப்ரீ. அழித்து எழுதக்கூடிய இடத்தையும் சேர்த்தால் அதுதான் நமக்கு வேண்டிய கணக்கு.

அப்படியானால் கர்னல் ஏன் முதலிலேயே அழித்து வைப்பதில்லை? சார் மறுபடி அதே கணக்கைக் கேட்டால் பலகையில் அப்படியே இருக்குமே! டிஸ்க்கிலிருந்து ஒரு ஃபைலைப் படித்தால் கர்னல் அதன் பிரதியை மெமரியில் விட்டுவைக்கிறது. அடுத்த தடவை டிஸ்க்குக்குப் போகவே வேண்டாம். மெம்இன்ஃபோவில் கேச்டு என்று வருவதில் பெரும்பகுதி இதுதான். நான் சோதித்தும் பார்த்தேன். மெஷினைப் போட்டவுடன் லிப்ரே ஆபீஸ் ரைட்டரைத் திறக்க 24 விநாடி. மூடிவிட்டு மறுபடி திறக்க 6 விநாடி! இடையில் பார்த்தால் கேச்டு ஏறியிருந்தது, மெம்ஃப்ரீ இறங்கியிருந்தது. நான் எதைக் கோளாறு என்று நினைத்தேனோ அதுதான் வேகத்துக்கே காரணம்.

சரி, மெம்ஃப்ரீயோடு கேச்டைக் கூட்டிவிட்டால் விடை வந்துவிடுமா? வராது. பலகையில் "அழிக்க வேண்டாம்" என்று கட்டம் கட்டி எழுதியிருப்பார்களே, அந்த மாதிரி கேச்டுக்குள்ளும் உண்டு. புரோகிராம்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் ஷ்மெம் அந்த வகை. அதற்கு டிஸ்க் ஃபைலில் பிரதி கிடையாது. ஸ்வாப் இருந்தால் அங்கே தள்ளலாம், சும்மா அழிக்க முடியாது. டர்ட்டி என்று இன்னொரு வரி. பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், இன்னும் நோட்டில் காப்பி பண்ணாத கணக்கு மாதிரி. டிஸ்க்கில் எழுதிய பிறகுதான் அழிக்கலாம். இன்னொரு பக்கம், கேச்டில் சேராத ஒன்றும் இருக்கிறது. கர்னல் தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பதில் தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்கும் பங்கு. எஸ்ரீக்ளைமபிள் என்று வரும்.

இந்தக் கூட்டல் தப்பை நான் மட்டும் செய்யவில்லை. பல புரோகிராம்களே மெம்ஃப்ரீயையும் கேச்டையும் கூட்டித்தான் "இவ்வளவு மெமரி இருக்கிறது" என்று முடிவு பண்ணிக்கொண்டிருந்தன. ஒரு காலத்தில் அது ஓரளவு சரியாகவும் இருந்தது. பிறகு கர்னல் மாற மாற, கணக்கு பிசகிவிட்டது. 2014-ல் வந்த 3.14 பதிப்பில் ரிக் வான் ரீல் என்பவர் மெம்அவைலபிள் என்ற புது வரியைச் சேர்த்தார். ஸ்வாப்பைத் தொடாமல் புது புரோகிராம்களுக்கு எவ்வளவு மெமரி கிடைக்கும் என்ற மதிப்பீடு அது. அவருடைய யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. கர்னலின் உள்விவகாரம் வெளியில் இருக்கிறவர்களுக்கு எதற்கு? நாளைக்கு உள்ளே ஏதாவது மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதுமே!

அதைவிட முக்கியம், அதே மாற்றத்தோடு அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்ற விளக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தார். கர்னலின் மூலநிரலோடு டாக்குமென்டேஷன் என்று ஒரு ஃபோல்டர் வரும். அதில் ப்ராக் பற்றிய விளக்க ஏடு இருக்கிறது. 1999-ல் டெரஹான் போடன், போடோ பாவர் என்ற இருவர் எழுதியது, பிறகு பலர் கை பட்டு வளர்ந்தது. ப்ராக்கில் புதிதாக எதைச் சேர்த்தாலும் விளக்கமும் எழுத வேண்டும் என்று கர்னல்காரர்கள் விதியே வைத்திருக்கிறார்கள். நல்ல விதி. ஆனால் பழைய வரிகள் அப்படியே கிடக்கின்றன. பஃபர்ஸ் என்பது 20 எம்பிக்கு மேல் ரொம்பப் பெரிதாகாது என்று அந்த ஏட்டில் இருக்கிறது. நம்ம மெஷினில் 47 எம்பி! யாரோ எந்தக் காலத்து மெஷினைப் பார்த்து எழுதியதோ.

விளக்கம் இல்லாமல் எண்ணை மட்டும் பார்த்தால் என்ன கூத்து நடக்கும் என்பதற்கு இன்னொன்று. வீமாலக்டோட்டல் என்ற வரியில் 34359738367 கேபி என்று இருந்தது. என் நண்பன் கணக்குப் போட்டுப் பார்த்து, "டேய், 32 டிபி மெமரிடா!" என்று கத்திவிட்டான். அது மெமரியே இல்லை. கர்னல் ஒரு வேலைக்காக ஒதுக்கி வைத்திருக்கும் வெறும் முகவரிகளின் எண்ணிக்கை. வீட்டு நம்பர் போட்ட மனை மாதிரி, வீடு கட்டியாக வேண்டும் என்று இல்லை. அதே நண்பன் எல்லா வரியையும் கூட்டி, மொத்தத்தை விட அதிகம் வருகிறதே என்றும் கேட்டான். ஒரே மெமரி இரண்டு மூன்று வரிகளில் வருவதுதான் காரணம். ஷ்மெம் தனி வரியாகவும் இருக்கும், கேச்டுக்குள்ளும் இருக்கும்.

நிஜமாகவே மெமரி தீர்ந்தால் எப்படித் தெரியும் என்கிறீர்களா? மெம்அவைலபிள் அடிமட்டத்துக்கு வரும். ஸ்வாப்ஃப்ரீ குறைந்துகொண்டே போகும். டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும். அதற்கும் மேலே போனால் கர்னலே ஒரு புரோகிராமைத் தேர்ந்தெடுத்துக் கொன்றுவிடும்! ஏழாம் நம்பரில் இதெல்லாம் ஒரு நாளும் நடக்கவில்லை.

நான் பார்க்காமல் விட்ட அந்த மூன்றாவது வரி மெம்அவைலபிள்தான். போன வாரம் மெம்ஃப்ரீ மறுபடி 89 எம்பி அளவுக்கு இறங்கியபோது அதைப் பார்த்தேன். 1145948 கேபி. பாதிக்கும் மேல்! லேப் மிஸ்ஸிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். "அப்போ ரெண்டு மாசம் சும்மாவா கிடந்துச்சு?" என்று கேட்டார்கள். நான் ஒன்றும் பேசவில்லை. சீட்டைக் கிழித்துவிட்டேன். பசைதான் இன்னும் முழுசாகப் போகவில்லை, மானிட்டரின் மேல் ஓரத்தில் பார்த்தால் தெரியும்.

– பதினொன்றாம் வகுப்பு, ஆ பிரிவு மாணவன்