வெள்ளிக் கரண்டியின் கணக்கு

'வாயில் வெள்ளிக் கரண்டியுடன் பிறந்தவர்' என்பது ஆங்கிலத்திலிருந்து நம் மேடைப் பேச்சுக்கும் பத்திரிகை எழுத்துக்கும் வந்து சேர்ந்த மரபுத்தொடர். செல்வக் குடும்பத்தில் பிறந்து, தம் உழைப்பு ஏதுமின்றியே வசதிகளைப் பெற்றவர் என்பது அதன் பொருள். இதன் வழக்கில் ஒரு விந்தை உண்டு. பிறரைக் குறைகூற இதை உடன்பாட்டில் சொல்கிறோம். நம்மைப் பற்றிப் பேசும்போது, 'நான் வெள்ளிக் கரண்டியுடன் பிறந்தவன் அல்லன்' என்று எதிர்மறையில் சொல்கிறோம்.

கரண்டி ஏன் வெள்ளியாயிற்று? பழைய இங்கிலாந்தில் எளிய மக்கள் மரக் கரண்டியால் உண்டனர். வெள்ளியோ பணத்துக்கு நிகரானது. வெள்ளிப் பொருள்கள் 92.5 சதவீதத் தூய்மை உடையனவா என்று சோதித்து முத்திரையிட வேண்டும் என 1300-ஆம் ஆண்டிலேயே முதலாம் எட்வர்ட் மன்னர் காலத்தில் சட்டம் வந்தது. ஆகவே, முத்திரை பெற்ற கரண்டி என்பது வேண்டியபோது காசாக்கத்தக்க சேமிப்பு. ஞானஸ்நானத்தின்போது ஞானப்பெற்றோர் குழந்தைக்கு வெள்ளிக் கரண்டி பரிசளிப்பது டியூடர் மன்னர்கள் காலத்து வழக்கம். அந்தப் பரிசுக்குக்கூடக் காத்திராமல், பிறக்கும்போதே அதைக் கொண்டுவந்த குழந்தை என்னும் கேலி இத்தொடரில் ஒளிந்திருக்கிறது.

தென்கொரிய இளைஞர்கள் சுமார் பத்தாண்டுகளுக்கு முன் இக்கரண்டியைக் கொண்டு சமூகத்தையே தரம்பிரிக்கத் தொடங்கினர். பெற்றோரின் சொத்துக்கேற்ப ஒருவர் தங்கக் கரண்டி, வெள்ளிக் கரண்டி அல்லது மண் கரண்டி. எவ்வளவு படித்தாலும் பிறப்பே எதிர்காலத்தை முடிவு செய்கிறது என்ற மனக்கசப்பின் மொழி அது.

அந்தக் கசப்பு நமக்கும் புதிதன்று. ஒரே மதிப்பெண் பெற்ற இரு மாணவர்களை வகுப்பறையில் பலமுறை கண்டிருக்கிறேன். ஒருவர் போட்டித் தேர்வுக்காக இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருப்பார். மற்றவர், வீட்டுக் கடனை நினைத்து, முதலில் கிடைத்த வேலையில் சேர்ந்துவிடுவார். திறமை ஒன்றே; தோற்றுவிட்டு மீண்டும் முயலும் வசதிதான் வேறு. உண்மையான வெள்ளிக் கரண்டி அந்த வசதியே.

செல்வந்தர் வீட்டில் பிறப்பது எவருடைய குற்றமும் அன்று. ஆனால், அச்செல்வம் எந்த விதியின்கீழ் கைமாறுகிறது என்பது சமூகம் எடுக்கும் முடிவு. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின்மீது 1953-இல் இந்தியா எஸ்டேட் வரி விதித்தது. அதன் உச்ச விகிதம் ஒரு கட்டத்தில் 85 சதவீதத்தை எட்டியது. வசூல் சொற்பம், நிர்வாகச் செலவு அதிகம் என்று கூறி 1985-இல் அது நீக்கப்பட்டது. 1957-இல் வந்த செல்வ வரியும் 2015-இல் கைவிடப்பட்டது. பிரிட்டனிலோ வரம்புக்கு மேற்பட்ட வாரிசுச் சொத்துக்கு 40 சதவீதமும், ஜப்பானில் அதிகபட்சம் 55 சதவீதமும் வரி உண்டு.

விளைவைப் பாருங்கள். ஆண்டுக்கு ரூ.20 லட்சம் ஊதியம் பெறுபவர் வருமான வரி செலுத்துகிறார். ரூ.20 கோடி சொத்தை வாரிசாகப் பெறுபவர், பெறும் அந்நேரத்தில் வரி ஏதும் செலுத்துவதில்லை. அச்சொத்தால் வருமானம் வரும்போதோ, விற்று லாபம் ஈட்டும்போதோதான் வரி.

பழைய எஸ்டேட் வரியை அப்படியே மீட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மிகையான விகிதம் ஏய்ப்பை வளர்க்கும். நிலமும் வீடுமாக மட்டுமே சொத்து வைத்திருக்கும் குடும்பம் வரி கட்டுவதற்காக அதை விற்க நேரிடும். இந்த எதிர்வாதங்களில் நியாயம் உண்டு. உயர்ந்த விலக்கு வரம்பும் மிதமான விகிதமும் அவற்றுக்கு விடையாகுமா என்று விவாதிக்கலாம். ஆனால், 2024 மக்களவைத் தேர்தலின்போது இப்பேச்சு எழுந்ததுமே அரசியல் கூச்சலில் அது அமுங்கிப்போனது.

'வெள்ளிக் கரண்டியுடன் பிறக்கவில்லை' என்று பெருமிதத்துடன் சொல்வோர் பலரின் கதையில் ஓர் அரசுப் பள்ளி இருக்கும். ஒரு கல்வி உதவித்தொகை இருக்கும். ஓர் அரசு மருத்துவமனை இருக்கும். மரக் கரண்டிக்காரர்கள் ஏறிவந்த படிகள் அவை. அந்தப் படிகளைப் பழுதின்றி வைத்திருக்கும் செலவில் வெள்ளிக் கரண்டியின் பங்கு எவ்வளவு என்ற கேள்வியைக் கூச்சலின்றிப் பேச நாம் பழக வேண்டும்.