பிரஷர் பம்ப் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு பக்கெட் எடுங்க!

ஊர்ல அப்பா அம்மா இருக்கிற வீட்டு மாடியில புதுசா பாத்ரூம் கட்டுறீங்க. ஷவர்ல தண்ணி நூல் மாதிரி வருது. "பிரஷர் பம்ப் போட்டுடலாம் சார்"னு பிளம்பர் சொல்றார். கிரெடிட் கார்டை எடுக்கறதுக்கு முன்னாடி 10 நிமிஷம் ஒதுக்குங்க.

பிரஷர் எங்கிருந்து வருது?

ராஜபாளையத்துக்காரங்களுக்கு அய்யனார் கோவில் ஆறு தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து அந்தத் தண்ணி மோட்டார் இல்லாமத்தான் இறங்கி வருது. காரணம் உயரம். உங்க மொட்டை மாடி டேங்க்கிலும் அதே கணக்குதான்: 10 மீட்டர் உயரத்துக்கு சுமார் 1 கிலோ பிரஷர்.

டேங்க் தண்ணி மட்டத்திலிருந்து ஷவர் வரைக்கும் டேப் வச்சு அளங்க. கீழ்வீட்டுக்கு 5 மீட்டர்னா அரை கிலோ. மாடிக்கு 2 மீட்டர்னா வெறும் 0.2 கிலோ. ரெயின் ஷவர், இன்ஸ்டன்ட் கீசர் வாங்கும்போது பெட்டியில போட்டிருக்கிற குறைந்தபட்ச பிரஷரை இதோட ஒப்பிட்டுப் பாருங்க.

தண்ணி எவ்வளவு வருது?

15 லிட்டர் பக்கெட்டை வச்சு, குழாயை முழுசா திறந்து, போன்ல நேரம் பாருங்க.

லிட்டர் × 60 ÷ விநாடி = நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர்.

75 விநாடியில நிறைஞ்சா 12 லிட்டர். 150 விநாடின்னா 6 லிட்டர். அமெரிக்காவில ஷவருக்கு உச்ச வரம்பே நிமிஷத்துக்கு சுமார் 9.5 லிட்டர்தான். அதனால உங்க ஷவர்ல 8, 9 வந்தாலே தாராளம்.

எங்கே சிக்கல்?

- ஒரே ஒரு குழாய்ல மட்டும் குறைவா? அதோட சல்லடையில உப்பு அடைச்சிருக்கும். கழட்டிக் கழுவுங்க. செலவு பூஜ்யம்.
- எல்லாத்துலயும் குறைவா? டேங்க் அடியில இருக்கிற வால்வு பாதி மூடியிருக்கான்னு பாருங்க.
- ரெண்டாவது குழாயைத் திறந்ததும் முதல் குழாய்ல குறையுதா? பைப் சின்னது. அரை இஞ்சை முக்கால் இஞ்ச் ஆக்கினா உள்பரப்பு ரெண்டே கால் மடங்கு ஆகும். சுவரைப் பூசுறதுக்கு முன்னாடியே இதை முடிவு பண்ணிடுங்க.
- மாடியில மட்டும் குறைவா? உயரம் பத்தலை. டேங்க்கைத் தூக்கலாம். ஆனா உயரத்தை ரெட்டிப்பாக்கினாலும் தண்ணி சுமார் 1.4 மடங்குதான் கூடும்.

இதெல்லாம் பார்த்த பிறகும் பத்தலையா?

அப்போ பம்ப் நியாயமான செலவு. அதுக்கும் மாசச் செலவு உண்டு. அரை ஹெச்.பி. மோட்டார் தினம் ஒரு மணி நேரம் ஓடினா மாசத்துக்குக் குறைஞ்சது 11 யூனிட், ரெண்டு மாச பில்லுல 22 யூனிட். நீங்க 490 யூனிட்ல நிக்கிற ஆளா இருந்தா, 500-ஐத் தாண்டினதும் ஸ்லாப்பே மாறிடும். மொத்த பில்லும் ஏறும்.

பம்ப்பை டேங்க்கிலிருந்து வர்ற பைப்லதான் வைக்கணும். நகராட்சிக் குழாய்ல நேரடியா மோட்டார் போட்டு உறிஞ்சறது சட்டப்படி தப்பு. பக்கத்து வீட்டுக்காரங்க தண்ணியும் குறையும்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது எல்லாக் குழாயையும் அளந்து போன்ல எழுதி வச்சுக்கோங்க. பிளம்பர்கிட்ட முதல்ல அந்த நம்பரைக் காட்டுங்க, விலையை அப்புறம் பேசலாம்.